கூண்டுக்குள் ஒரு பிறந்தநாள்

அப்பா எங்களிடம் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. கடைசிக் காலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். தலைவரின் பிறந்தநாளன்று ஊருக்குப் போய், தன் பேரில் சிலைக்கு ஒரு மாலை போட வேண்டும். அவர் போன மறு ஆண்டு, பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கிய நேரத்தில் நான் கிள்ளானிலிருந்து கிளம்பினேன்.

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது என் வேலை. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் மலேசியாவில். அப்பாவின் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதும், அங்கே என் சித்தப்பா மகள் வளர்மதி இருக்கிறாள் என்பதும்தான் எனக்குத் தெரியும். ஆனால் தலைவரைத் தெரியும். எங்கள் வீட்டு முன்கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்தான் இருந்தது. நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். பெயரை நான் எழுதத் தேவையில்லை. அப்பாவும் வீட்டில் பெயர் சொல்ல மாட்டார், ‘தலைவர்’ என்றுதான் சொல்வார்.

ஒவ்வொரு ஜனவரியும் பள்ளி திறந்த முதல் நாள், “உன்னை எந்த பெஞ்சுல உட்கார வச்சாங்க?” என்று கேட்பார். முன் பெஞ்சு என்றால் ஒரு சிரிப்பு சிரிப்பார். தலைவர் சின்ன வயதில் வகுப்பின் ஓரத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார்ந்தவர், பானையைத் தொட விடாமல் உயர்த்தி ஊற்றிய தண்ணீரைக் குடித்தவர், அப்படிப்பட்டவர் கடல் தாண்டிப் போய்ப் படித்து வந்து நாட்டுக்கே சட்டம் எழுதினார் என்ற கதையை அன்றைக்கு இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுவார். எங்களுக்கு அது மனப்பாடம்.

பெரம்பலூரில் முதல் காலை நன்றாகத்தான் விடிந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம். கிள்ளானில் ஒரு குழம்புக்கு நாங்கள் போடும் வெங்காயத்தை இவர்கள் ஒரு கரண்டியில் போடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பரிமாறியவர், “இது வெங்காய ஊருங்க, அள்ளி அள்ளிச் சாப்புடுங்க” என்றார். காப்பி நெஞ்சுவரை இறங்கியது. எங்கள் ஊர் டின்பால் காப்பியை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிறகு அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சாலையோரம் ஒரு சிலை. நீலக் கோட்டைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டது. கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கவனித்தேன். சிலையைச் சுற்றி நாலா பக்கமும் இரும்புக் கம்பி. மேலேயும் கம்பி. வேலை ஏதோ நடக்கிறது, அதற்காகச் சாரம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஊரிலும் அப்படி ஒரு சாரம். அதற்கு ஒரு கதவும், கதவில் கைப்பிடி பெரிசில் ஒரு பூட்டும் இருந்தன. இடையில் வேறு தலைவர்களின் சிலைகளும் வந்தன. அவர்கள் வெட்டவெளியில் காற்றாட நின்றிருந்தார்கள். ஒருவர் தலையில் காக்கை உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் மடியில் கூடையோடு இருந்த அம்மாவிடம், “எதுக்குங்க அவரைக் கூண்டுல வச்சிருக்காங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெளியூருங்களா?”

“வெளிநாடு.”

“அதான கேட்டேன்,” என்றவர் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். மனிதர்களைச் சிறையில் வைப்பார்கள். செத்துப்போன ஒருவரை, அதுவும் சிமெண்டில் நிற்கும் ஒருவரை, பூட்டி வைப்பார்களா?

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “வேற வண்டி வரும், ஏறிக்குங்க” என்று சொல்லிப் புளியமரத்து நிழலுக்குப் போய்விட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, என் சட்டையும் பெட்டியும் வெள்ளையாயின. அப்போதுதான் ஒரு மனிதர் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு.

“எங்க போகணும்?”

ஊரைச் சொன்னேன். “நம்ம ஊருதான். ஏறுங்க, பெட்டிய நடுவுல வச்சுக்கலாம்.”

போகிற வழியில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். மலேசியாவில் மழை எப்படி, எண்ணெய்ப்பனை எத்தனை வருடத்தில் காய்க்கும் என்றெல்லாம் கேட்டார். தன் பெயர் கலியமூர்த்தி, மக்காச்சோளம் போட்டிருக்கிறேன், படைப்புழு தின்றுவிட்டது என்றார். இவ்வளவு நல்ல மனிதரை முதல் நாளே பார்த்தோமே என்று எனக்கு மகிழ்ச்சி.

“யாரு வூட்டுக்குப் போறீங்க?” என்று வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார். அப்பா பேரையும் வளர்மதி பேரையும் சொன்னேன். அதன்பிறகு அவர் பேசவில்லை. ஊருக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி நின்றது.

“இங்கயே எறங்கிக்குங்க. நேரா நடந்தீங்கன்னா தெரு வந்துரும்.”

வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஏன் தெருவுக்குள் வரவில்லை என்று யோசித்தேன், விளங்கவில்லை.

தெரு முனையில் வேப்பமரம். அதன் கீழே அப்பாவின் சிலை. அப்படித்தான் அதை எனக்குத் தெரியும். சிலை வைத்த காலத்தில் விடுமுறையில் வந்த அப்பா பீடத்துக்கு மணல் சுமந்திருக்கிறார். பீடத்தின் படியில் உட்கார்ந்து ஆட்கள் பேப்பர் படிப்பார்கள், சாயங்காலமானால் பெண்கள் பூக்கட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் பார்த்த இடத்தில் படி இருந்தது. படிக்கும் எனக்கும் நடுவில் நீலப் பெயின்ட் அடித்த கம்பிகள் இருந்தன. கம்பிக்குள்ளே தலைவர் நீட்டிய கை முழங்கைக்குக் கீழே வேறு நிறத்தில் இருந்தது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே?”

வளர்மதி காக்கி நிற யூனிஃபார்மில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் நர்ஸ் வேலை. நாற்பதைத் தாண்டியவள், அப்பாவின் அதே அகன்ற நெற்றி. “போன்ல பார்த்த மாதிரியேதான் இருக்கீங்க. வாங்கண்ணே, வெயில்ல நிக்காதீங்க.”

“யாரும்மா இப்படிப் பண்ணினது?”

“மொதல்ல தண்ணி குடிங்க,” என்றாள்.

வீட்டில் கட்டிலைக் காட்டினாள். “பெரியப்பா கடைசியா வந்தப்ப இதுலதான் படுத்திருந்தாரு.” மோர் கொடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள். சில வருடம் முன்னால், ஊர்த்தெருக் கோயில் திருவிழா சமயத்தில், கும்பலாக வந்து தலைவரின் கையை உடைத்திருக்கிறார்கள். கையை ஒட்டவைத்து நிமிர்வதற்குள் இன்னொரு முறை முகம். பிறகு கேஸ் நடந்து, சாட்சி இல்லை என்று எல்லாரையும் விட்டுவிட்டார்கள்.

“ஆள் யாருன்னு தெரியாதா?”

“தெரியாம என்ன? கூட்டத்துக்கு முன்னாடி நின்னவன் கலியமூர்த்தி.”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நெற்றியில் விபூதியா, தோளில் துண்டா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவர் வாங்கிக் கொடுத்த டீயின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. வாசலுக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பினேன். வளர்மதி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

மறுநாள் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கூண்டுச் சாவி அவர்களிடம்தான் இருக்கிறதாம். மலேசியாவில் நான் லிஃப்டுக்கு, மோட்டார் அறைக்கு, மொட்டைமாடிக்கு எல்லாம் சாவி வாங்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கு மாலை போடச் சாவி கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். “பிறந்தநாள் அன்னிக்குக் காலைல திறப்போம் சார். போலீஸ் இருக்கும். மாலை போடலாம், கோஷம் கூடாது. கொஞ்ச நேரத்துல பூட்டிடுவோம்.” என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. “நீங்க வெளிநாட்டுக்காரரா? இதுல எல்லாம் எதுக்கு சார் தலையிடறீங்க?”

“என் அப்பா மணல் சுமந்த சிலை சார்.”

“இருக்கட்டும். ஆனா ஏதாவது பிரச்சினைன்னா எங்களைத்தான் கேப்பாங்க.” பெரிய கள்ளக்கடத்தலுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னை இன்னொரு முறை பார்த்தார். கடைசியில், “கூட்டத்தோட கூட்டமா வந்து போட்டுட்டுப் போயிடுங்க” என்று அனுப்பினார்.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லாரிடமும் பொரிந்து தள்ளினேன். நீங்கள் எப்படி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள், பிறந்தநாளன்று திறந்ததும் கதவைக் கழற்றிப் போடுவோம், நான் இரும்பு வேலை தெரிந்தவன் என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், “நீங்க எப்ப தம்பி ஃப்ளைட் ஏறுறீங்க?” என்று கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் நாளைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் வளர்மதிக்கு விடுமுறை. “மொகத்த இப்படியே வச்சுக்கிட்டு இருக்காதீங்கண்ணே, வாங்க, ஒரு எடம் காட்டுறேன்” என்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப் போனாள். ஜெயங்கொண்டத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். வழியெல்லாம் முந்திரிக் காடு. பழத்தின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. மீன்குழம்புச் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம்.

வடக்குப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சிவன் ஒரு பக்தனின் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கல்லா அது? பக்தன் கைகூப்பித் தலை குனிந்திருக்க, சுற்றுகிற விரலில் அவ்வளவு பிரியம். ஆயிரம் வருடமாக வெயிலிலும் மழையிலும் அப்படியே. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் எட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்குக் கம்பி இல்ல பார்,” என்றேன்.

வளர்மதி சிற்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவர ஒடச்சா யாருக்கும் வலிக்காதுண்ணே. அதான் யாரும் ஒடைக்கல.”

திரும்பி வருகிறபோது ஊர் வளைவில், டீக்கடை வாசலில் கலியமூர்த்தி நின்றிருந்தார். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வளர்மதி கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நேராகப் போய்க் கேட்டேன். “நீங்கதானா உடைச்சது?”

அவர் மறுப்பார், அல்லது அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“எல்லாரும் போனாங்க, நானும் போனேன்,” என்றார்.

“அவர் உங்களுக்கு என்னங்க பண்ணினாரு?”

“அவரு ஒண்ணும் பண்ணலிங்க.” அவர் என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தள்ளி நின்ற வளர்மதியைப் பார்த்தார். “வெரலை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. அது எங்களப் பாத்து நீட்டுற மாதிரி இருந்துச்சு.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை. பயிர் ஏன் போனது என்று கேட்டால் புழு என்று சொன்னாரே, அதே குரல். டீக்கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

பிறந்தநாள் காலையில் தெரு முழுக்க நீலக்கொடி. ஒவ்வொரு வீட்டிலும் கறி வேகிற வாசனை. ஜெயங்கொண்டத்திலிருந்து வாங்கி வந்த சம்பங்கி மாலையை வாளித் தண்ணீரில் வைத்திருந்தேன். போலீஸ் வேன் வந்து நின்றது. ஆபீஸிலிருந்து சாவியோடு ஒருவர் வந்தார். துருவேறிய பூட்டு லேசில் திறக்கவில்லை. நான் வளர்மதி வீட்டுத் தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டேன். திறந்தது.

முதலில் பெண்கள்தான் உள்ளே போனார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வருடத்துத் தூசியைக் கழுவினார்கள். வளர்மதி படியேறித் தன் துப்பட்டாவால் தலைவரின் கண்ணாடியைத் துடைத்தாள். காதோரம், கழுத்து, கோட்டின் மடிப்பு என்று அவள் துடைத்த விதத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைத் துடைப்பது போலவே இருந்தது. பிறகு எனக்குக் கைகாட்டினாள். நான் ஏறி, அப்பாவின் பேரைச் சொல்லி மாலையைப் போட்டேன். ஒட்டவைத்த கையின் தழும்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அழுதுவிட்டேன்.

“போதுங்க, எறங்குங்க, பூட்டணும்,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

எல்லாரும் வெளியே வந்தார்கள். நான் வரவில்லை. கதவின் நடுவில் நின்று, ஒரு கம்பியில் கையைக் கோத்துக்கொண்டேன். “பூட்டக் கூடாது,” என்றேன். “இன்னிக்கு ஒரு நாளாவது இவர் திறந்த வெளியில நிக்கட்டும். பூட்டணும்னா என்னையும் சேர்த்துப் பூட்டுங்க.”

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த்தெருப் பக்கம் ஆட்கள் சேர்வது தெரிந்தது. முதலில் நாலைந்து பேர், பிறகு ஒரு திரள். எங்கள் தெரு ஆண்கள் எனக்குப் பின்னால் வருவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வளர்மதி வந்தாள். கம்பியில் கோத்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “வெளிய வாங்கண்ணே.” அவள் பிடியில் இருந்த பலம் எனக்குத் திகைப்பாக இருந்தது. என்னை வெளியே நிறுத்திவிட்டு, ஆபீஸ்காரர் கையிலிருந்த பூட்டை வாங்கித் தானே மாட்டினாள், தானே அமுக்கினாள், இழுத்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். “கெளம்புங்க சார், ஒண்ணும் இல்ல,” என்றாள்.

வீட்டில் இலை போட்டுச் சோறு வைத்தாள். நான் கை வைக்கவில்லை. “அவங்க பூட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்,” என்றேன். “நீ எப்படிம்மா பூட்டின?”

அவளும் எதிரில் உட்கார்ந்தாள். “அந்தக் கூண்டு நான் மனு போட்டு வாங்குனதுண்ணே.”

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

“கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்குவாங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் போயி நின்னேன். கம்பி போட்டுக் குடுங்க, கம்பி போட்டுக் குடுங்கன்னு. நம்ம தெருவுலயே என்னைத் திட்டாதவங்க இல்ல.” குழம்பை என் சோற்றில் ஊற்றினாள். “அவரு மேல கை வச்சா நம்ம பசங்க சும்மா இருப்பாங்களா? ரோட்டுக்குப் போவாங்க. போனா அடி. ரெண்டாவது தடவை மொகத்த ஒடச்சாங்களே, அன்னிக்கு எனக்கு டியூட்டி. ரோட்டோரம் ஒரு ஆளு கெடக்குன்னு கால் வந்துச்சு. தூக்கி வண்டில போட்டு, ரத்தத்த தொடச்சு, ஊசி போட்டு, பேரு என்னன்னு கேக்குறேன். ‘அக்கா’ங்குறான். என் தம்பி இளங்கோ. அதுவரைக்கும் எனக்கு அடையாளம் தெரியலண்ணே.”

இளங்கோ திருப்பூரில் இருக்கிறான், ஊருக்கு வருவதில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த அடிக்குப் பிறகு அவனுக்கு ஒரு பக்கக் காது கேட்காது என்பதை அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

“நான் ஹாஸ்டல்ல தங்கி நர்ஸு படிச்சது தலைவராலதான். அவரக் கம்பிக்குள்ள விட்டுட்டு வர எனக்கு மட்டும் ஆசையா? கூண்டு வந்ததுக்கு அப்பறம் இந்தத் தெருவுலேருந்து ஒருத்தரையும் நான் அப்படி வண்டில ஏத்தல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அப்பாவுக்கு இது...”

“பெரியப்பா வந்தப்ப புதுக் கம்பி. பெயின்ட் அடிக்காம விட்டுட்டுப் போயிட்டாங்க. பாத்துட்டு ரெண்டு வேளை சாப்புடல. அப்பறம் அரியலூரு போயி நீலப் பெயின்டும் பிரஷும் வாங்கிட்டு வந்தாரு. யாரையும் தொட விடல. அவரேதான் அடிச்சாரு.”

அப்பா இதை எங்களிடம் சொல்லவே இல்லை. அம்மாவிடமும் இல்லை. ஊரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் வேப்பமர நிழலையும் பூக்கட்டும் பெண்களையும்தான் சொன்னார். நான் அவரை நினைத்துக் கோபப்படுவதா, அந்த வயதில் வெயிலில் நின்று கம்பி கம்பியாகப் பெயின்ட் அடித்தவரை நினைத்து அழுவதா என்று தெரியாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்மதி தன் இலையில் பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தாள்.

“அடியில எல்லாம் துரு பிடிச்சிருச்சு,” என்றாள், கை கழுவிவிட்டு வந்து. “நீங்க கெளம்பறதுக்குள்ள ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களாண்ணே?”

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் அரியலூர் போய்ப் பெயின்டும் பிரஷும் உப்புத்தாளும் வாங்கி வந்தேன். கடைக்காரர் என்ன வேலைக்கு என்று கேட்டார். கூண்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, வீட்டுக் கேட்டுக்கு என்றேன்.

தரையில் உட்கார்ந்து, அடியிலிருந்து துருவைத் தேய்த்துக்கொண்டே போனேன். பழுப்புத் தூள் உதிர்ந்தது. மேலே தலைவரின் கழுத்தில் என் மாலை வாடத் தொடங்கியிருந்தது. தெருவில் போனவர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கதவுக்குப் பக்கத்துக் கம்பியில் உப்புத்தாளை வைத்தபோது விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தேன். பழைய நீலத்துக்குள் பிரஷிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர், வளைந்தபடி ஒட்டிக் காய்ந்திருந்தது.

அந்தக் கம்பியைத் தேய்க்காமல் விட்டுவிட்டு அடுத்த கம்பிக்கு நகர்ந்தேன்.